வீட்டுக்கு வந்ததும் உணவாகிவிடும் மருந்து

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில் பொடி எழுத்தில் அச்சாகும் விலக்குகளைப் பொறுமையாகப் படித்துக்கொண்டே போனால், பதினான்காவதாக ஒரு விதி வரும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக்கொடுத்த வாசகம் அது. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய ஊட்டப் பொருள்கள், வைட்டமின்கள், தாது உப்புகள் போன்றவற்றுக்குப் பணம் கிடையாது. மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் உண்டு. சத்து மாவும் புரதப் பொடியும் பொதுப் பணத்தில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி இது. அந்த அளவில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வகைக் குழந்தைகளின் விஷயத்தில் இதன் விளைவு விபரீதமாகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும்போது சிகிச்சையாக இருந்த பொடி, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய சில வாரச் சலுகையும் முடிந்தபின், அதே குழந்தைக்கு அதே அளவில் கொடுக்கப்பட்டாலும் மளிகைச் சாமானாகிவிடுகிறது. பொடியும் மாறவில்லை, நோயும் மாறவில்லை. குழந்தை படுத்திருக்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. நோயைத் தடுத்து நிறுத்தும் செலவைத் தள்ளிவிட்டு, தடுக்காததால் வரும் பெருஞ்செலவை மட்டும் ஏற்கும் இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாடு தன் காப்பீட்டுத் திட்டத்திலாவது திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் அரசின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன.

எந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோம்? உண்ணும் புரதம் உடலில் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. ஒவ்வோர் அமிலத்தையும் மேலும் உடைத்துச் செலவழிக்கத் தனித்தனி நொதிகள் உண்டு. பிறவியிலேயே அவற்றில் ஒன்று இல்லாமல் போனால், உடைபடாத அமிலம் இரத்தத்தில் தேங்கி மூளையைத் தாக்குகிறது. பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடுகள் என்று மருத்துவர்கள் தொகுத்துச் சொல்லும் நோய்களில் ஒரு பெரும் பகுதி இப்படிப்பட்டது. மேப்பிள் சிரப் சிறுநீர் நோயை எடுத்துக்கொள்வோம். லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமிலங்களை இந்தக் குழந்தையால் கையாள முடியாது. பிறந்தபோது எந்தக் குறையும் தெரியாது. சில நாட்களில் பால் குடிக்க மறுக்கும், துவண்டுபோகும், வலிப்பு வரும். சிறுநீரில் கருகிய சர்க்கரையின் வாசம் வீசும். தாய்ப்பாலில் உள்ள புரதமே அதற்கு நஞ்சாகிவிட்டிருக்கிறது. அந்த மூன்று அமிலங்களையும் நீக்கி, மற்றவற்றைச் சேர்த்துத் தயாரித்த பொடியைக் கரைத்துக்கொடுத்து, வளர்ச்சிக்கு இன்றியமையாத சிறு அளவில் அந்த மூன்றை மட்டும் தாய்ப்பாலிலிருந்தோ வழக்கமான உணவிலிருந்தோ கணக்குப் பார்த்துக் கொடுத்தால் குழந்தை வளரும். கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் ஆறு மாதம் ஆனதும் கேழ்வரகுக் கூழ்தான் முதல் திட உணவு. கேழ்வரகுப் புரதத்தில் லூசின் தாராளமாக உண்டு. மற்றக் குழந்தைகளுக்கு வலுவூட்டும் அந்தக் கூழை இந்தக் குழந்தைக்குத் தராசில் நிறுத்துத்தான் ஊட்ட வேண்டும். அரிசிக் கஞ்சிக்கும் பருப்புத் தண்ணீருக்கும் அப்படியே. ஆகவே “ஊர்ச் சாப்பாட்டையே பக்குவமாகக் கொடுக்கலாமே” என்ற யோசனை இங்கே செல்லாது. ஊர்ச் சாப்பாட்டில் புரதத்தைக் குறைத்தால் குழந்தை வாடும். குறைக்காவிட்டால் மூளை கெடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி அந்தப் பொடி ஒன்றுதான்.

இது உணவா மருந்தா என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய ஆய்வுக்கூடத் துல்லியத்தோடு விடை கிடைத்துவிட்டது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோயை 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோன் ஃபோலிங் அடையாளம் கண்டார். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு அதற்குச் சிகிச்சை இல்லை. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், பால் புரதத்தை அமிலத்தால் சிதைத்து, கரித்தூள் வழியே வடித்து, இந்த நோயில் உடைபடாமல் தேங்கும் ஃபீனைல்அலனின் என்ற அமிலத்தை அதிலிருந்து நீக்கி ஒரு கலவை தயாரித்தார்கள். நிற்கவும் நடக்கவும் இயலாமல், தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த ஒரு சிறுமிக்கு அதைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவள் தவழ்ந்தாள், நின்றாள், அழுகை குறைந்தது. தற்செயலான முன்னேற்றமோ என்ற ஐயம் எழுந்ததால், தாய்க்கும் சொல்லாமல் கலவையில் ஃபீனைல்அலனினைத் திரும்பச் சேர்த்தார்கள். ஓரிரு நாளிலேயே அவள் பழைய நிலைக்குச் சரிந்தாள். நீக்கியதும் மறுபடி தேறினாள். தாய்க்குத் தெரியாமல் செய்தது இன்றைய ஆய்வு நெறிகளின்படி ஏற்கத்தக்கதல்ல. ஆனால் 1953இல் வெளியான அந்த முடிவு சொன்ன செய்தியில் குழப்பமில்லை. கொடுத்தால் குணம், நிறுத்தினால் நோய், மீண்டும் கொடுத்தால் மீண்டும் குணம். ஒரு மருந்தைச் சோதிக்க இதைவிட நேரான முறை வேறு எது? பத்தாண்டுக்குள் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி, குதிகாலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்திப் பரிசோதிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைத் திட்டங்கள் அதிலிருந்து கிளைத்தன.

இத்தனைக்குப் பிறகும் பெயர்ப் பலகை செய்யும் வேலையைப் பாருங்கள். இந்த நோய்க்கான லோஃபெனலாக் என்ற பொடியை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதலில் மருந்தாகத்தான் வகைப்படுத்தியிருந்தது. மருந்துக்குரிய நீண்ட விதிமுறைகள் தடையாக இல்லாவிட்டால் புதிய கலவைகள் விரைவில் சந்தைக்கு வரும் என்ற நல்லெண்ணத்தில் 1972இல் அதை உணவின் பக்கம் மாற்றினார்கள். கலவைகள் பெருகின, ஆனால் காப்பீட்டு நிறுவனங்களுக்கு “இது உணவு, எங்கள் பொறுப்பல்ல” என்று சொல்ல ஒரு வாசலும் திறந்தது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபட, பெற்றோர் அமைப்புகள் மருத்துவ உணவுக்குச் சமநீதி கோரும் மசோதாவோடு நாடாளுமன்றப் படியேறி வருகின்றன. பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. உணவா மருந்தா என்ற எல்லைக்கோட்டில் நிற்கும் பொருள்களுக்கென்றே ஒரு ஆலோசனைக் குழுவை வைத்து, அது ஏற்றுக்கொண்டவற்றைப் பொது மருத்துவச் சேவையின் மருந்துச் சீட்டில் எழுத அனுமதித்தது. வகைப்பாட்டை மாற்றாமலே செலவை ஏற்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. நாம் கற்க வேண்டியது இதைத்தான்.

இந்திய அரசும் இந்தப் பொடிகளைச் சிகிச்சை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை நோய்களை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் தொகுதியின் முதல் பிரிவே ‘சிறப்பு மருத்துவ உணவால் சமாளிக்கப்படும் நோய்கள்’ என்பதுதான். ஃபீனைல்கீட்டோனூரியா, மேப்பிள் சிரப் சிறுநீர் நோய், டைரோசினீமியா, ஹோமோசிஸ்டினூரியா, யூரியா சுழற்சிக் குறைபாடுகள், காலக்டோசீமியா, கடுமையான உணவுப் புரத ஒவ்வாமை எல்லாம் அதில் உள்ளன. 2022 மே மாதத் திருத்தத்தின்படி, எந்தத் தொகுதியைச் சேர்ந்த நோயாளிக்கும் அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக ரூ. 50 லட்சம் வரை உதவி உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், கொள்கையில் இடம்பெற்ற நோய்களுக்குச் சொந்தப் பயன்பாட்டுக்காக இறக்குமதி செய்யும் மருந்துகளுக்கு மட்டுமன்றிச் சிறப்பு மருத்துவ உணவுக்கும் அடிப்படைச் சுங்கவரி இல்லை. மாவட்ட மருத்துவ அதிகாரி சான்று கொடுத்தாலே போதும். ஆக, துறைமுகத்தில் இந்த டின் சிகிச்சைப் பொருள். காப்பீட்டு மேசைக்கு வந்ததும் சத்துமாவு. ஒரே அரசமைப்புக்குள் இரண்டு துறைகள் ஒரு டின்னை இரு கண்ணால் பார்ப்பது நிர்வாகத்தில் புதிதல்ல; ஆனால் இங்கே அதன் விலையைக் கொடுப்பது பச்சைக் குழந்தை. அதே கொள்கையில் இன்னொரு வரியும் உண்டு: சிறப்பு உணவு போன்ற, ஒப்பீட்டளவில் குறைந்த செலவுள்ள இரண்டாம் தொகுதி நோயாளிகளுக்கு மாநில அரசுகள் உதவுவது குறித்துப் ‘பரிசீலிக்கலாம்’. பரிசீலிக்கலாம் என்பதற்குக் கெடு இல்லை, நிதி இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டி மலைப்பகுதியில் ஒகேனக்கல் சாலையில் உள்ள நாட்றாம்பாளையத்திலிருந்து பார்த்தால் இந்த வரியின் பொருள் நன்றாகப் புரியும். மானாவாரி நிலத்தில் கேழ்வரகு, மிச்ச நாளில் கூலி, பிள்ளைகள் பெரியவர்களானால் ஓசூர்த் தொழிற்சாலைகளிலோ பெங்களூருக் கட்டுமானங்களிலோ வேலை என்பது இந்த மலைக் கிராமங்களின் வாழ்க்கை. கொள்கை அறிவித்த சிறப்பு மையங்களில் இவர்களுக்கு அருகில் இருப்பது பெங்களூருவின் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் இணைந்த மையம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் என்று பேருந்து மாறிப் போனால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நோயைக் கண்டுபிடித்துச் சொல்லும் மருத்துவர் கர்நாடகத்தில். பரிசீலிக்க வேண்டிய அரசு சென்னையில். இடையில் டின்னின் விலை. பாலுக்குப் பதிலாக அமினோ அமிலப் பொடியையே முழு உணவாகக் குடிக்கும் கைக்குழந்தைக்கு 400 கிராம் டின் மூன்று நான்கு நாளைக்கு மேல் வராது. மாதம் எட்டு முதல் பத்து டின் வேண்டும். டின் மூவாயிரம் ரூபாய் என்று கணக்குக்கு வைத்தாலும் மாதம் 24,000 முதல் 30,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் ரூ. 1,20,000க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். ஓசூர்த் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உரிமை கிடைக்கும் சம்பள உச்சவரம்பு மாதம் ரூ. 21,000. வறியவர் என்று அரசு வரையறுத்த குடும்பம், தன் வருமானத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கைப் பால் டின்னுக்கே கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத வீட்டில் பொடியில் தண்ணீர் கூடும், வேளை குறையும், பசுவின் பால் கலக்கும். அதன் முடிவு மறுபடியும் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே மூச்சுக் கருவிக்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் இதே காப்பீட்டு அட்டை செல்லுபடியாகும்!

காப்பீடு என்பது எதிர்பாராத இழப்புக்கு. மாதாமாதம் வரும் என்று தெரிந்த செலவைக் காப்பீட்டில் சேர்ப்பது அந்தத் தத்துவத்துக்கே முரண் என்று சிலர் சொல்வார்கள். காப்பீட்டுத் துறையில் இருப்பவர்கள் சொல்லும்போது இதற்குக் கனம் கூடுகிறது. ஆனால் எதிர்பாராத இழப்பு நடந்தது குழந்தை பிறந்த அன்று. எந்தக் குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை பிறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடரைத்தான் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம். அதன் செலவு ஒரே நாளில் வராமல் தவணையாக வருகிறது என்பதால் அது இடராக இல்லாமல் போய்விடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு வாரந்தோறும் செய்யும் டயாலிசிஸும் தெரிந்த செலவுதான்; மாநிலத் திட்டம் அதை ஏற்கவில்லையா? 2012இல் இத்திட்டம் புதுப்பெயரோடு தொடங்கியபோதே சிகிச்சைகளோடு 113 தொடர் சிகிச்சைகளுக்கும் பட்டியலில் இடம் இருந்தது. மருத்துவமனையை விட்டு வந்த பிறகும் செலவு தொடரும் என்ற எண்ணம் திட்டத்துக்குப் புதிதல்ல. தவிர, இது தனியார் நிறுவனம் இலாப நட்டம் பார்த்து விற்கும் பத்திரம் அல்ல. பிரீமியம் கட்டுவது அரசு. தனியார் பத்திரங்களிலும் மரபணு நோய் என்பதைக் காரணம் காட்டி விலக்கக் கூடாது என்று அதே 2019 வழிகாட்டுதல் கூறுகிறது. நோயை விலக்கக் கூடாதாம், அந்த நோய்க்கு உள்ள ஒரே சிகிச்சையை விலக்கலாமாம். இதில் உள்ள முரண்பாட்டை ஆணையம்தான் தீர்க்க வேண்டும்.

“பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றோர் கடமை, அதையும் அரசா ஏற்கும்?” என்பது இன்னொரு கேள்வி. காசநோயாளிக்கு 2018 முதல் மாதம் ரூ. 500, 2024 நவம்பர் முதல் ரூ. 1,000 என்று ஊட்டச்சத்துக்கே பணம் கொடுக்கும் நாடு இது. சாதாரணக் குழந்தைக்கு ஆகும் உணவுச் செலவைக் குடும்பமே ஏற்கட்டும். அதற்கு மேலுள்ளதை மட்டும் திட்டம் கொடுக்கட்டும் என்றாலும்கூட எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கழிப்பைக் கணக்கிட ஒரு எழுத்தரை வைத்தால் அவருடைய சம்பளம் மிச்சத்தைத் தின்றுவிடும்.

உண்மையில் வலுவான மறுப்பு வேறொன்று. அதை ஆதரவாளர்கள் அடிக்கடி கடந்துபோய்விடுகிறார்கள். டப்பா பாலுக்குப் பொதுப் பணம் என்ற கதவைத் திறந்தால், உள்ளே முதலில் நுழைவது பால் பவுடர் நிறுவனங்களாக இருக்கும். தாய்ப்பாலைக் காக்க இந்தியா 1992இல் தனிச் சட்டமே இயற்றி, 2003இல் அதை இறுக்கியது; விளம்பரம், இலவச மாதிரி, மருத்துவர்களுக்கு அன்பளிப்பு எல்லாம் அதன்படி குற்றம். இந்தக் கவலை கற்பனையும் அல்ல. நான் முன்னே புகழ்ந்த அதே பிரிட்டனில், பசும்பால் ஒவ்வாமைக்காக எழுதப்படும் சிறப்புப் பொடிச் சீட்டுகள் 2006க்கும் 2016க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லட்சத்திலிருந்து ஆறு லட்சத்துக்கு மேல் போயின. ஆண்டுச் செலவு 81 லட்சம் பவுண்டிலிருந்து 6 கோடிக்கு ஏறியது. ஒவ்வாமை அந்த வேகத்தில் பெருகியதற்குச் சான்று இல்லை. அழும் குழந்தை, கக்கும் குழந்தை, தோல் தடித்த குழந்தை என்று இயல்பான தொல்லைகளெல்லாம் ஒவ்வாமையாகப் பெயர் பெற்றதையும், வழிகாட்டுதல்களை எழுதியவர்களுக்கு நிறுவனங்களோடு இருந்த தொடர்பையும் 2018 இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் விரிவாக வெளிக்கொணர்ந்தது. ஓசூர் போன்ற, தனியார் மருத்துவமனைகள் நிறைந்த ஊரில் இது நடக்காது என்று யார் உறுதி தருவது?

இதற்கு விடை கதவைச் சாத்துவதல்ல, அகலத்தைக் குறைப்பது. தாய்ப்பால் கூடாத, அல்லது கணக்குப் பார்த்தே கொடுக்க வேண்டிய நோய்கள் எவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட பட்டியல் மிகச் சிறியது: காலக்டோசீமியா, மேப்பிள் சிரப் சிறுநீர் நோய், ஃபீனைல்கீட்டோனூரியா. இவற்றை அழுகையைக் கேட்டு யாரும் தீர்மானிப்பதில்லை. டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற கருவியோ, நொதிப் பரிசோதனையோ, மரபணுச் சோதனையோ எண்ணாகக் காட்டும். இந்தத் தொகுதி நோய்களில் மிகை மதிப்பீட்டுக்கு இடம் மிகக் குறைவு. ஒவ்வாமையில்தான் காவல் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பெரும்பாலான ஒவ்வாமைக் குழந்தைகளுக்குத் தாய் தன் சாப்பாட்டில் பால், தயிர், நெய்யை நிறுத்தினாலே போதும், பொடியே தேவையில்லை. தேசியக் கொள்கையும் ‘கடுமையான’ என்ற அடையோடுதான் ஒவ்வாமையைச் சேர்த்திருக்கிறது. பாலை விலக்கிப் பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் திரும்பக் கொடுத்தும் உறுதிப்படுத்திய பிறகே திட்டத்தில் சேர்க்கலாம். ஆறு மாதத்துக்கொரு முறை மறு சோதனை கட்டாயம், ஏனெனில் பெரும்பாலான குழந்தைகள் வளர வளர இந்த ஒவ்வாமையிலிருந்து விடுபடுகிறார்கள். ஒவ்வாமைக்குச் சீட்டு எழுதும் அதிகாரம் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் துறைக்கு மட்டும். கிருஷ்ணகிரியிலேயே 2022 ஜனவரியில் அப்படியொரு கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. சீட்டில் பிராண்டு பெயர் கூடாது. இத்தனை பூட்டுக்கும் பிறகு உள்ளே வரக்கூடியவர்கள் யாரோ, அவர்கள் மட்டுமே வரவேண்டியவர்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டு அரசிடம் கை நீட்டுவதா என்ற பேச்சும் காதில் விழாமல் இருக்காது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காடு மணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை; நாட்டின் சராசரி 11. இந்த நோய்கள் பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும் என்பதால், அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. அதைத் திருமணத்துக்கு முன் எடுத்துச் சொல்வது சுகாதாரத் துறையின் வேலை. ஆனால் தலைமுறைகளாகச் சமூகமே வாழ்த்தி நடத்திவைத்த உறவின் பழியைத் தொட்டிலில் கிடப்பதன் மேல் போடுவதில் என்ன நியாயம்? உறவுக்கு வெளியே மணந்தவர்களுக்கும் இந்த நோய்கள் வருகின்றன. உண்மையில் அந்த 28 விழுக்காடு வேறொன்றைச் சொல்கிறது: மற்ற மாநிலங்களுக்கு இது ஓர் அரிய நோய்ச் சிக்கல் என்றால், நமக்கு அந்த அளவு அரிதானதல்ல. செலவு எவ்வளவு வரும்? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் பிறப்புகள். ஐயாயிரத்தில் ஒரு குழந்தைக்குப் பொடி தேவை என்று கணக்குக்காக வைத்தால் ஆண்டுக்கு 160, 170 குழந்தைகள் சேர்வார்கள். மேலே சொன்ன சில்லறை விலையிலேயே ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்றால் ஆறு கோடி. பழைய குழந்தைகளும் சேரச் சேர இது ஏறும். ஆனால் வளர்ந்த குழந்தை மற்ற உணவும் உண்பதால் ஆளுக்கான தொகை இறங்கும், மொத்தக் கொள்முதலில் விலையும் இறங்கும். ஐந்து லட்சம் ரூபாய் வரை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுதோறும் உறுதியளிக்கும் திட்டத்தில் ஆளுக்கான இந்தத் தொகை அந்த உச்சவரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

மொத்தக் கொள்முதலுக்கு நாம் புது அமைப்பைத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளை மைய ஒப்பந்தத்தில் வாங்கி விலையைக் குறைத்துக் காட்டி, மற்ற மாநிலங்களுக்கு முன்னோடியானது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கோ இந்த மாவட்டமே சாட்சி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகும் அதே ஊழியர்கள், வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கு அதற்கான திரவப் பைகளையும் கொடுத்துவருகிறார்கள். கனமான பைகளை மாதந்தோறும் வீட்டில் இறக்கக்கூடிய ஏற்பாட்டுக்குப் பத்து டின் பாரமாகாது. வேண்டியது மூன்று ஏற்பாடு: காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் ‘சிறப்பு மருத்துவ உணவு – தொடர் சிகிச்சை’ என்ற ஒரு வரி, கழகத்தின் கொள்முதல் பட்டியலில் அதே வரி, பெங்களூரு மையம் எழுதிக்கொடுத்த சீட்டைக் கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி ஏற்று வழங்கலாம் என்ற தெளிவு. மாநில எல்லையில் இருப்பவர்களுக்குக் கடைசி ஏற்பாடு இல்லாவிட்டால் முதல் இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும்.

அரசாணை வரும்போது நிதித்துறை ஒரு வயது வரம்பை எழுதச் சொல்லும். ‘குழந்தைகள்’ என்று தலைப்பு இருப்பதால் பதினெட்டில் வெட்டுவது எளிது. ஒவ்வாமைக்கு அது பொருந்தும், இன்னும் குறைவாகவே வைக்கலாம். பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடுகளுக்குப் பொருந்தாது. ஃபீனைல்கீட்டோனூரியாவோடு வளர்ந்த பெண் உணவுக் கட்டுப்பாடு இல்லாமல் கருவுற்றால், கருவிலிருக்கும் குழந்தைக்கு அந்த நோய் இல்லாதபோதும், தாயின் இரத்தத்தில் தேங்கிய ஃபீனைல்அலனினே அதன் மூளையையும் இதயத்தையும் பழுதாக்கும். கருத்தரிக்கும் முன்பிருந்தே அவள் மறுபடி அந்தப் பொடிக்கு வந்தாக வேண்டும். பதினெட்டு வயதுவரை காப்பாற்றிய பெண்ணுக்கு இருபத்திரண்டாம் வயதில் டின்னை மறுப்பதென்றால், அடுத்த தலைமுறையின் தீவிர சிகிச்சைக் கட்டணத்தை அதே திட்டம் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது என்று பொருள். ஆகவே வரம்பை வயதில் வைக்காமல் நோயில் வைக்க வேண்டும். யாருக்கு எதுவரை என்பதை ஆண்டுதோறும் இரத்த அளவைப் பார்த்து மருத்துவக் குழு முடிவு செய்யட்டும்.